பூனை செத்தால் யார் துக்கம் விசாரிப்பது?

2022 நவம்பர் 30 காலை, நடைப்பயிற்சிக்குப் போன மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி வழியிலேயே சரிந்து விழுந்து இறந்தது. அன்று புதுச்சேரி அழுததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கடைக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஆட்டோ ஓட்டுநர்களும் வெளியூர்ப் பக்தர்களும் மாலையோடு வந்தார்கள். துணைநிலை ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராஜன் வந்து அஞ்சலி செலுத்தினார். அன்றே ஊர்வலமாகக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். 1990-களில் குட்டியாக இந்தக் கோயிலுக்கு வந்த யானை அது. சிறு வயதில் அதன் தும்பிக்கையால் ஆசி வாங்கியவர்கள், தங்கள் பிள்ளைகளையும் அதன் முன் நிறுத்தி ஆசி வாங்கியிருந்தார்கள். ஒரு விலங்கு இறந்ததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அன்று யாரும் கேட்கவில்லை.

வீட்டில் வளர்த்த பூனை இறந்தால் இதே ஊரில் நடப்பது வேறு. பழைய துண்டில் சுற்றி, அக்கம்பக்கம் பார்க்காத நேரத்தில் குழி தோண்டுகிறோம். அலுவலகத்துக்கு விடுப்பு சொல்ல வேண்டுமென்றால் காய்ச்சல் என்கிறோம். அழுத கண்ணோடு கதவைத் திறந்தால், வந்தவர் "பூனைக்காகவா?" என்று கேட்டுவிடுவாரோ என்று பயப்படுகிறோம். யானைக்கு ஊரே துக்கம் காத்தது சரி. பூனைக்கு ஒரு வீடு துக்கம் காப்பது ஏன் வெட்கத்துக்குரியதாகிவிட்டது? நம் மரபு, பிற நாட்டு வரலாறு, இன்றைய ஆய்வு, நம் ஊர் நடப்பு எல்லாவற்றையும் வைத்துப் பார்க்க வேண்டிய கேள்வி இது. அந்தத் துக்கம் முழுத் துக்கம் என்பதும், அதற்கு ஊரில் ஓர் இடமும் ஒரு முறையும் வேண்டும் என்பதும் என் கருத்து.

அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-ல் ஒரு நூல் தொகுத்தார். சமுதாயம் துக்கமென்று ஒப்புக்கொள்ளாத துக்கங்களைப் பற்றியது அது. கலைந்த கரு, வெளியே சொல்ல முடியாத உறவில் இருந்தவரின் மரணம், பிரிந்துபோன மணத்துணையின் மரணம் போன்றவற்றோடு வளர்ப்புப் பிராணியின் மரணமும் அந்த வகையில் வைத்துப் பேசப்படுகிறது. இழந்தவருக்கு வலி எல்லோருக்கும் போலத்தான் இருக்கிறது. ஆனால் அவர் வீட்டு வாசலுக்கு யாரும் வருவதில்லை, சடங்கு இல்லை, தீட்டு இல்லை, பதினாறாம் நாள் இல்லை. துக்கத்தைத் தாங்கிப் பிடிக்க ஊர் வைத்திருக்கும் ஏற்பாடுகள் எதுவும் இல்லாததால், அது உள்ளேயே நின்றுவிடுகிறது. நம் ஊர்களில் சாவு வீட்டுக்குப் போனதும் முதலில் கேட்பது "எப்படி ஆச்சு?" என்றுதான். அந்த ஒரு கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லிச் சொல்லியே பாதித் துக்கத்தை ஆற்றிக்கொள்கிறவர்கள் நாம். பூனையைப் பறிகொடுத்தவரிடம் அதைக் கேட்க ஆளில்லை.

பூனையிடம் நமக்கு இருக்கும் இரட்டை மனமும் இதற்கு ஒரு காரணம். குறுக்கே போனால் சகுனம் சரியில்லை என்று திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்களே, பூனையைக் கொன்ற பாவத்துக்குத் தங்கத்தில் பூனை செய்து தானம் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே மாமல்லபுரம் போனால், ஏழாம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பத்தில் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது ஒரு பூனை. காலடியில் எலிகள். போலிச் சாமியாருக்கு அது அடையாளமாகிவிட்டது. ஆனால் தென்கலை வைணவர்கள் இறைவனின் அருளை விளக்கப் பூனையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி சும்மா கிடக்கும், தாய்தான் வாயில் கவ்வித் தூக்கிப் போகும். பக்தனை இறைவன் அப்படித் தூக்கிப் போவான் என்பது அவர்கள் கொள்கை. கம்பர் தம் காப்பியத்தின் தொடக்கத்தில் தம்மைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகச் சொல்லிக்கொண்டார். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியோ, 'முரசு' பாட்டில் ஒரே தாயின் வெவ்வேறு நிறக் குட்டிகளைக் காட்டிச் சாதி வேற்றுமையைக் கண்டித்தார். தமிழ் முஸ்லிம் வீடுகளில் பூனைக்குத் தடையில்லை. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டுச் சாகடித்த பெண்ணுக்குத் தண்டனை உண்டு என்ற நபிமொழியைப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இவ்வளவு இடம் கொடுத்த மரபு, இறந்த பூனைக்கு மட்டும் ஒன்றும் செய்யாமல் விட்டது. விலங்குக்குக் கல் நடும் வழக்கமே நமக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். புதுச்சேரியை ஒட்டிய விழுப்புரம் மாவட்டத்தில் அரசலாபுரம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு சண்டைக் கோழிக்கு நட்ட கல் கிடைத்தது. கோழியின் உருவமும் பக்கத்தில் எழுத்தும் உள்ள அந்தக் கல்லை ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டினது என்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. கால்நடைகளுக்காக நடந்த சண்டையில் இறந்த வீரனோடு, கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாய் கோவிவனும் அதில் இருக்கிறது. நாயின் பெயரைக் கல்லில் வெட்டி 1,400 ஆண்டுகள் ஆகின்றன. பெயர் சொல்லி ஒரு விலங்கை நினைப்பது நேற்று வந்த பழக்கமோ, வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கமோ இல்லை.

ஆனால் அந்தக் கற்கள் வீரத்துக்கு நட்டவை. கோழி சண்டையில் நின்றது, நாய் கள்வனைக் கடித்தது. வீட்டுப் பூனை அப்படி எதையும் செய்துகாட்டுவதில்லை. வெயில் விழும் மூலையில் படுத்திருக்கிறது, மாலையில் வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறது, இரவு காலடியில் சுருண்டுகொள்கிறது. அதன் வாழ்க்கையில் கல்லில் வெட்டக்கூடிய செயல் ஒன்றுகூட இருக்காது. நம் நாளோடு கலந்து கிடந்தது என்பதுதான் அதன் பெருமை. அதனாலேயே அது போன பிறகு எந்த மூலையைப் பார்த்தாலும் வலிக்கிறது. செயலுக்கு மட்டும் மரியாதை செய்து பழகிய ஊருக்கு இந்த வலியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மற்ற நாடுகளில் இதற்கு நெடிய வரலாறு உண்டு. சைப்ரஸ் தீவில் ஷில்லூரோகாம்போஸ் என்ற இடத்தில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்திய புதைகுழி ஒன்றைத் தோண்டிய பிரெஞ்சு ஆய்வாளர்கள், மனிதரின் எலும்புக்கூட்டுக்கு 40 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு பூனையின் முழு எலும்புக்கூட்டையும் கண்டார்கள். எட்டு மாதப் பூனை. 2004-ல் இது வெளியானபோது, பூனையோடு மனிதனுக்கு உள்ள உறவு எகிப்தில் தொடங்கியது என்ற எண்ணம் மாறிப்போனது.

எகிப்தைப் பற்றி நாம் கேட்டிருப்பதில் பாதிதான் உண்மை. வீட்டுப் பூனை இயற்கையாக இறந்தால் வீட்டார் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். மூன்றாம் அமென்ஹோடெப்பின் மகன் இளவரசன் துட்மோஸ் தன் பூனை தா-மியுவுக்குச் சுண்ணாம்புக்கல்லில் பேழை செய்து வைத்தான். படையல் பொருள்கள் நிறைந்த மேசையின் முன், மனிதரைப் போல மரியாதையாக அந்தப் பூனை உட்கார்ந்திருப்பதை அதில் செதுக்கியிருக்கிறார்கள். அது துக்கம்தான், சந்தேகமில்லை. ஆனால் பிற்காலத்தில் கோயில்களில் காணிக்கையாக வைத்த பூனை மம்மிகளில் பெரும்பகுதி, அதற்கென்றே வளர்த்துக் கொன்ற இளம் பூனைகள். ஊடுகதிர்ப் படங்களில் முறிந்த கழுத்துகள் தெரிகின்றன. கடைசியில் 1890 வாக்கில் அந்த மம்மிகள் 19 டன் அளவுக்கு இங்கிலாந்தின் லிவர்பூலுக்குக் கப்பலில் போய் வயலுக்கு உரமாயின. பூனையைத் தெய்வமாக்கிய நாடு ஒவ்வொரு பூனையையும் நேசித்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நமக்கு நெருக்கமான உதாரணம் பிரான்சில் இருக்கிறது. புதுச்சேரியை 1954 வரை ஆண்ட நாடு அது, இன்றும் நம் ஊர்க் குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. 1898-ல் பிரான்சில் ஒரு சட்டம் வந்தது. இறந்த பிராணிகளைக் கண்ட இடத்தில் எறியக்கூடாது, குடியிருப்பிலிருந்து தள்ளி முறையாகப் புதைக்க வேண்டும் என்றது. அதுவரை பாரிசில் செத்த நாயும் பூனையும் பெரும்பாலும் செய்ன் ஆற்றில்தான் போய்க்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டே, 1899-ல், பாரிசை ஒட்டிய அஸ்னியேரில் செய்ன் கரையில் வளர்ப்புப் பிராணிகளுக்கான கல்லறைத் தோட்டம் திறக்கப்பட்டது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் மார்கெரித் துய்ரான். பெண்களே நடத்திய 'லா ஃப்ரோந்த்' நாளிதழின் நிறுவனர், பெண்ணுரிமைக்காகப் போராடியவர். பெயரில் நாய்களின் கல்லறை என்றிருந்தாலும் பூனைகளும் குதிரைகளும் பறவைகளும் அங்கே அடங்கியிருக்கின்றன. பெயர், ஆண்டு, சில இடங்களில் புகைப்படம், புதிதாக வைத்த பூ. ஒரு சுகாதாரச் சட்டம் துக்கத்துக்கு இடம் செய்து கொடுத்தது என்பதை நம் ஊர் நிர்வாகம் கவனிக்க வேண்டும். உணர்ச்சிக்காக வேண்டாம், குப்பைமேட்டில் உடல் அழுகாமல் இருப்பதற்காகவாவது செய்யலாமே.

ஜப்பான் எழுத்தாளர் நட்சுமே சோசெகியைப் பலருக்குத் தெரியும். ஒரு பூனையே கதை சொல்லும் அவருடைய நாவல்தான் அவருக்குப் பெரும் புகழ் தந்தது. அதற்குத் தூண்டுதலாக வீட்டில் இருந்த பூனைக்கு அவர் கடைசி வரை பெயர்கூட வைக்கவில்லை. 1908 செப்டம்பரில் அது இறந்ததும், நெருங்கியவர்களுக்கு அஞ்சலட்டையில் மரணச் செய்தி அனுப்பினார். மனிதர் இறந்தால் எழுதும் அதே முறையில், கறுப்புக் கரை போட்டு. தோட்டத்தில் புதைத்து மேலே ஒரு மரக்கட்டையில் எழுதி வைத்தார். பிறகு அதன் கல்லறையைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையும் எழுதினார். வெட்கப்படாமல் ஊருக்குச் சொன்ன அந்த அஞ்சலட்டை எனக்கு எகிப்தின் மம்மிகள் எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

புதுச்சேரியிலேயே பூனைகளை நீண்ட காலம் நினைத்துப் பேசியவர் ஒருவர் உண்டு. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை, மீரா அல்ஃபாசா. 1920-ல் நிரந்தரமாக இங்கே வந்த பிறகு, ஆசிரமத்தின் ஆரம்ப ஆண்டுகளில் அவர் பூனைகள் வளர்த்தார். கீக்கி என்ற பூனை தேளோடு விளையாடிக் கொட்டு வாங்கியது. வலியோடு அவரிடம் வந்த அதை அவர் ஸ்ரீ அரவிந்தரிடம் கொண்டுபோனார். மேசைமேல் இருந்த பூனையும் ஸ்ரீ அரவிந்தரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நெடுநேரம் இருந்தார்கள் என்றும், பிறகு பூனை எழுந்து சரியாகிப் போனது என்றும் அன்னை சொல்லியிருக்கிறார். கூட்டுத் தியானத்தின்போது நாற்காலியில் வந்து உட்காரும் பூனையைப் பற்றியும், குட்டிகளை விட்டு நகர மறுத்த தாய்ப் பூனையைப் பற்றியும் சொன்னார். இதையெல்லாம் அவர் சொன்னது 1950-களில், ஆசிரம விளையாட்டுத் திடலில் பிள்ளைகளுக்கு எடுத்த வகுப்புகளில். அந்தப் பூனைகள் போய் எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. பெரிய தத்துவங்களைப் பேசும் வகுப்பில், ஒரு பூனை எப்படிப் படுத்தது, எதற்கு அழுதது என்று அவர் விவரமாகச் சொல்வதைப் பதிவில் படிக்கும்போது, பிராணியை நினைவில் வைக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று தோன்றும். சிலை இல்லை, சமாதி இல்லை. அந்தப் பூனைகளைப் பார்த்தே இராத பிள்ளைகளுக்கு அவற்றின் பெயரும் குணமும் போய்ச் சேர்ந்தன.

பூனை ஒட்டாத பிராணி, வீட்டோடுதான் பழகும், ஆளோடு பழகாது என்பார்கள். இது உண்மையென்றால் நம் துக்கம் ஒருதலையானது என்றாகிவிடும். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஜப்பானின் சோபியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அட்சுகோ சைத்தோ குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அதே ஓசை நீளமுள்ள மற்றச் சொற்களிலிருந்து தன் பெயரைப் பூனை பிரித்தறிகிறது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் விட்டேல், கைக்குழந்தைகளுக்குச் செய்யும் சோதனையைப் பூனைக்குட்டிகளுக்குச் செய்து பார்த்தார். புதிய அறையில் சிறிது நேரம் தனியே விட்டுவிட்டு வளர்ப்பவர் திரும்பி வரும்போது, மூன்றில் இரண்டு பங்குக் குட்டிகள் அவரைக் கண்டு அமைதியடைந்தன. குழந்தைகளிடம் காணும் விகிதமும் ஏறத்தாழ இதுதான். 2024-ல் மிச்சிகனின் ஓக்லண்ட் பல்கலைக்கழகம், 400-க்கும் மேற்பட்ட பூனை வளர்ப்போரிடம் கேட்டு வெளியிட்ட ஆய்வு இன்னும் மனதைத் தொடுவது. வீட்டிலிருந்த மற்றொரு பிராணி இறந்த பிறகு, உயிரோடு இருக்கும் பூனை உண்பதும் உறங்குவதும் விளையாடுவதும் குறைந்ததாக அவர்கள் சொன்னார்கள். வளர்ப்பவர் தம் துக்கத்தையே பூனையிடம் காண்கிறார் என்ற விளக்கமும் சாத்தியம் என்று ஆய்வாளர்களே நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். இரண்டு பூனைகளில் ஒன்றைப் பறிகொடுத்த வீட்டார், மற்றது அறை அறையாகத் தேடியதைப் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு ஆய்வு தேவைப்படாது.

பூனை போன வீட்டில் வலியைக் கூட்டுவது குற்ற உணர்ச்சி. முன்பே டாக்டரிடம் காட்டியிருக்கலாமோ என்பதே கேள்வி. இதற்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். வயதான பூனைகளைப் பெரிதும் கொண்டுபோவது நாள்பட்ட சிறுநீரக நோய். பூனை வலியை மறைக்கும் பிராணி. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு ஏறித் தெரிவதற்குள் சிறுநீரகத்தின் செயலில் ஏறத்தாழ முக்கால் பங்கு போயிருக்கும். அதிகமாகத் தண்ணீர் குடிப்பதும் மெல்ல இளைப்பதும்தான் முன்னடையாளங்கள். அதையும் வெயில் காலம் என்று நினைப்பது இயல்பு. பத்து வயதைத் தாண்டிய பூனை இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர் நம் ஊர், இந்த வசதி எட்டாத தூரத்தில் இல்லை. அப்படியும் போய்விட்டால், உங்களைக் குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீட்டு மினுவும் சிறுநீரகத்தால்தான் போனது. அது போன பிறகு சில நாள் நான் மீன் வாங்கப் போகவில்லை. குருசுக்குப்பத்திலிருந்து வந்து எங்கள் தெருமுனையில் கூடை வைக்கும் அம்மாவிடம் எங்களுக்குச் சங்கராவும் அதற்குக் காரப்பொடியும் வாங்குவது வழக்கம். மறுபடி போன அன்று அவர் கேட்டார், "இன்னாம்மா, பூனைக்குக் காரப்பொடி வாணாமா?" இறந்துவிட்டது என்றேன். அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "எப்பம்மா? இன்னா ஆச்சு அதுக்கு? சோறு துன்னாம கெடந்துச்சா?" நான் எல்லாவற்றையும் சொன்னேன், அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார். வாடிக்கையாளர் இருவர் காத்திருந்தார்கள். கிளம்பும்போது ஒரு கை காரப்பொடியை அள்ளித் தாளில் வைத்துக் காசு வாங்காமல் கொடுத்தார். "தெருவுல நாலு பூன சுத்தும். அது பேரச் சொல்லிப் போடு." படித்தவர்கள் பலர் "இன்னொண்ணு எடுத்து வளத்துக்கோங்க" என்றார்கள். அவர்களும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் துக்கம் விசாரித்தது இவர் ஒருவர்தான். அவர் சொன்னது ஒரு திதிக்கு நிகர். சில வீடுகளில் புதைத்த இடத்தில் பாலும் மீனும் வைக்கிறார்கள், கறிவேப்பிலையோ செம்பருத்தியோ நடுகிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நம் மக்கள் தாங்களே உண்டாக்கிக்கொள்ளும் சடங்குகள் இவை. இவற்றை ஒளிவு மறைவில்லாமல் செய்யலாம்.

குறிப்பாகப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில். பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் மரணம் தாத்தா பாட்டிக்கு முன்பே பூனையாகவோ கிளியாகவோ வந்துவிடுகிறது. "ஓடிப்போயிடுச்சு" என்று பொய் சொன்னால், பூனை திரும்பி வருமென்று குழந்தை வாசலில் காத்திருக்கும். செத்துவிட்டது என்று சொல்லி, மண் போடும்போது குழந்தையின் கையாலும் ஒரு பிடி போடச் சொல்வதே நல்லது.

புதைப்பதில்தான் நம் ஊரில் பெரிய சிக்கல். பழைய வீடுகளில் கொல்லை இருந்தது. லாஸ்பேட்டையிலும் ரெட்டியார்பாளையத்திலும் மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு ஒரு முழ மண்கூட இல்லை. கடற்கரை மணலில் புதைத்துவிடலாம் என்று இரவில் போகிறார்கள். துறைமுகம் கட்டிய பிறகு கடல் அரித்த கரை இது, நகரத்தை ஒட்டிப் பல இடங்களில் மணல் குறைவு. ஆழம் போதாமல் புதைத்தால் நாய் தோண்டும், இல்லையென்றால் அலை எடுத்து வெளியே போடும். கொல்லை உள்ளவர்கள் குறைந்தது மூன்றடி தோண்டுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டாமல் பருத்தித் துணியில் சுற்றுங்கள். மேலே சுண்ணாம்பு தூவி மண்ணை இறுக்குங்கள். கிணற்றுக்கும் ஆழ்துளைக் குழாய்க்கும் தள்ளியே குழி இருக்கட்டும், கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலேயே கிடக்கிறது. வெறிநோய்ச் சந்தேகம் இருந்தால் கையால் தொடாமல் கால்நடை மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

மற்றவர்களுக்கு நகராட்சிதான் வழி. பெங்களூரு கெங்கேரியில் 'பீப்பிள் ஃபார் அனிமல்ஸ்' அமைப்பின் வளாகத்தில் வளர்ப்புப் பிராணிகளுக்கான இடுகாடு இருக்கிறது. பெரிய நிலம் தேவையில்லை, பெரிய செலவும் இல்லை. புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகள் சுற்றுச்சுவரோடு ஒரு சிறு நிலமோ சிறிய எரிமேடையோ ஒதுக்கி, நியாயமான கட்டணம் வைத்து, தொலைபேசி எண்ணை வார்டுதோறும் எழுதிப் போட வேண்டும். பூனை, நாய், கிளி எதுவானாலும் பகலில், எல்லோரும் பார்க்க, வீட்டார் கூட நின்று அடக்கம் செய்துவிட்டு வர அது உதவும். பிராணி நல அமைப்புகளும் கால்நடைக் கல்லூரியும் சேர்ந்து இந்தக் கோரிக்கையை முன்வைக்கட்டும். வளர்ப்பவர்கள் தங்கள் வார்டு அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுங்கள்.